பின்சக்கரக் கம்பி

ஜெகபர் அலி கார் சாவியைத் தரவில்லை. முதலில் ஒரு தாளை நீட்டினார்.

“தம்பி குடுத்து விட்டாருங்கய்யா. உங்க கையெழுத்து வேணுமாம்.”

வாங்கினேன். பிரிக்கவில்லை.

“என்னவாம் துரைக்கு?”

“வண்டி வளைவுல சாயுதாம். பின்னாடி ரெண்டு சக்கரத்துக்கும் குறுக்க ஒரு கம்பி போடணும்ங்கிறாரு. ஸ்டெபிலைசர் ராடு. போட்டா சாயாது.”

வாசலில் நின்ற என் மனைவியின் தம்பி சடையாண்டி சிரித்தான். “சின்ன மாமாவுக்கு வளைவு வந்தாக் கை நடுங்குதாக்கும்.”

எதிர்வீட்டுக்காரர், மளிகைக்கடைக்காரர் என்று ஐந்தாறு பேர் அதற்குள் கூடிவிட்டார்கள். சித்திரை முதல் தேதி எங்கள் வீட்டு வாசலில் எப்போதும் கூட்டம் இருக்கும். அன்றுதான் கார் கைமாறும்.

அப்பா அறுபத்தெட்டில் வாங்கிய அம்பாசடர். அவர் போனபின், விலை போட்டு ஒருவர் எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொந்தக்காரர்கள் சொன்னார்கள். அப்பா ஓட்டிய வண்டிக்கு விலை போட நாங்கள் தரகர்கள் இல்லை. கிணற்றுத் தண்ணீருக்கு முறை வைப்பதுபோல் காருக்கும் முறை வைத்தோம். எனக்கு ஒரு வருடம், தம்பி வேலுசாமிக்கு ஒரு வருடம்.

பாகப்பத்திரத்தில் அதற்கு ஒரு பத்தி உண்டு. காரில் எதை மாற்றுவதானாலும் இருவரும் கையெழுத்திட வேண்டும். கேட்காமல் மாற்றியவனுக்கு அதன்பிறகு காரில் பங்கில்லை.

அதை எழுதச் சொன்னவன் நான்தான். விட்டால் வேலுசாமி ஏசி வைப்பான், நிறத்தை மாற்றுவான்.

பதினொரு வருடமாக அவனும் நானும் பேசுவதில்லை. அவன் இருப்பது சின்னாளப்பட்டியில். முறை முடிந்ததும் காரை அங்கிருந்து இங்கே கொண்டுவருவதும், இங்கிருந்து அங்கே கொண்டுபோவதும் மெக்கானிக் ஜெகபர் அலிதான்.

அவன் மகள் கல்யாணத்தின்போது கிழிந்த சீட்டுத் துணியை மாற்றக் கேட்டு ஆள் அனுப்பினான். அப்பா உட்கார்ந்த துணி, தொடக்கூடாது என்று சொல்லி அனுப்பினேன். பெண்ணும் மாப்பிள்ளையும் அந்தக் கிழிசல்மேல் உட்கார்ந்துதான் ஊர்வலம் போனார்கள்.

நான் வருந்தவில்லை. விதி என்றால் விதி.

“பாய், நல்லாக் கேட்டுக்கங்க,” என்றேன். “எங்கப்பா இந்த வண்டியில சிறுமலைக்கு எத்தனையோ தடவ ஏறி எறங்கியிருக்காரு. ஒரு நாள் சாஞ்சதில்ல. சாயுதுன்னா ஓட்டுறவன் சரியில்ல. அம்புட்டுத்தான்.”

“இல்லீங்கய்யா, அடியில செத்த நேரம் படுத்துப் பாத்துட்டு...”

“அடியில பாக்க ஒண்ணுமில்ல.”

சொன்ன வேகத்தில் அவர் ஓரடி பின்வாங்கினார்.

சடையாண்டிக்கு உற்சாகம் ஏறிவிட்டது. “கையெழுத்துப் போட்றாதீங்க மாமா. இன்னைக்கிக் கம்பிம்பாரு. நாளைக்கி மேக்கூரையக் கழட்டிட்டுக் காத்து வாங்கணும்பாரு.”

கூட்டம் சிரித்தது.

தாளை நான்காகக் கிழித்தேன். துண்டுகளை ஜெகபர் அலியின் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினேன்.

“இத அப்படியே கொண்டுபோய்க் குடுங்க. அண்ணன் கையெழுத்து வேணும்னா அவன் இந்த வாசல்ல வந்து நிக்கணும். தாளக் குடுத்துவிட்டு வாங்கிர முடியாது.”

அவர் முகம் சுருங்கியது. ஆனாலும் நகரவில்லை. சட்டைக்குள்ளிருந்து இன்னொரு தாளை எடுத்தார்.

“கிழிப்பீகன்னு சொல்லி ரெண்டா எழுதிக் குடுத்தாரு. இத வாசிச்சுட்டுக் கிழிங்கய்யா.”

மற்றவர்களுக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்தியிருந்தார். அது எனக்குப் பிடிக்கவில்லை. கண்ணாடியை மாட்டினேன்.

நான்கே வரி. கோழி கிளறியது போன்ற அவன் எழுத்து. காரின் பின்னால் கம்பி போட விரும்புகிறேன், அண்ணன் சம்மதம் தர வேண்டுகிறேன். கீழே அவன் கையெழுத்து. அதற்கும் கீழே தேதி.

தேதி இன்றையது இல்லை. இரண்டு வருடத்துக்கு முந்தைய சித்திரை.

அந்த வருடம் முறை என்னுடையது. அந்த ஆடியில்தான் சிறுமலையிலிருந்து இறங்கும்போது ஒரு வளைவில் வண்டி சாய்ந்து, என் மனைவி கதவில் மோதி நெற்றியைப் பிளந்துகொண்டாள். குளியலறையில் வழுக்கிவிட்டது என்று எல்லாரிடமும் சொல்லவைத்தேன். தையல் பிரித்த மறுநாள், இந்த ஊரில் எந்தப் பட்டறைக்கும் போகாமல், மதுரைக்கு ஓட்டிப்போனேன். பழைய ஜீப்பில் கழற்றிய கம்பி ஒன்றைப் பின்சக்கரங்களுக்குக் குறுக்கே போட்டுக் கறுப்புப் பெயின்ட் அடித்துக் கொடுத்தார்கள்.

அடுத்த சித்திரையில் கார் வேலுசாமிக்குப் போயிற்று. ஒரு வருடம் முழுக்க அவனிடம் இருந்தது. பாகப்பத்திரத்தின் நகலும் அவனிடம் இருக்கிறது.

அவன் ஒரு வக்கீலைப் பார்த்தால் போதும், காரில் எனக்குப் பங்கில்லை. பார்க்கவில்லை. நான் கம்பி போடுவதற்கு மூன்று மாதம் முன்பே தான் கேட்டதாக எழுதி, என் கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தான்.

“என்ன மாமா எழுதியிருக்காரு?” சடையாண்டி எட்டிப் பார்த்தான்.

தாளை மார்போடு சேர்த்துக்கொண்டேன்.

“பேனா வச்சிருக்கீகளா இல்லையா பாய்?” என்று ஜெகபர் அலிமேல் எரிந்து விழுந்தேன்.