மூன்றாவது கேபிள்

முதல் ஹேண்ட்பிரேக் கேபிள் குட்டை. இரண்டாவது நெட்டை. மூன்றாவது மறுபடியும் குட்டை.

வீட்டிலேயே கார் கட்டுபவர்கள் அளவு கொடுத்துத்தான் கேபிள் செய்து வாங்க வேண்டும். மாரிஸ் லீவர் பக்கம் டேப்பைப் பிடிப்பான். மனைவி பெரில் காருக்கு அடியில் படுத்து, பின்சக்கரம் வரை இழுத்து, அளவைப் படித்துச் சொல்வாள்.

"எட்டு வருஷமாக் கட்டின காரை ஒரு கேபிள்ல கோட்டை விடுறியேடா!" என்று சிரித்தான் கெட்டரிங் ஊர்க் கார் கிளப் நண்பன் டெரிக். "தள்ளு, நான் அளக்கிறேன்."

கேபிள் போகும் வழியெல்லாம் வளைத்து ஒரு கயிற்றை விட்டு அளந்தான். அவனே ஆர்டரும் கொடுத்தான். அடுத்த வாரம் வந்த கேபிளை மாட்டி லீவரை இழுத்ததும், பின்சக்கரங்கள் இரண்டும் இறுகி நின்றன.

"சர்க்கார் சோதனையில இனி பாஸ்தான். கார் முடிஞ்சுது! பெரில், நீ மட்டும் இனிமே டேப்பைத் தொடாதே தாயே!" என்றான் டெரிக்.

டீ குடித்துவிட்டு அவன் கிளம்பினான். கராஜில் மாரிஸும் பெரிலும் நின்றார்கள்.

"வக்கீலுக்கு எப்போ போன் பண்றே?" என்றாள் பெரில்.

"கார் முடிஞ்சதும் பிரிஞ்சிடலாம்னுதானே பேசினோம்? திங்கட்கிழமை பண்றேன்."

"மூணு தடவையும் வேணும்னேதான் தப்பா அளவு சொன்னேன், மாரிஸ்."

மாரிஸ் கையிலிருந்த கிரீஸைத் துடைத்தான்.

"தெரியும். ஒவ்வொரு தடவையும் நீ உள்ளே போனப்புறம் நானே அளந்து பார்த்தேன். பார்த்துட்டு, நீ சொன்ன அளவையேதான் ஆர்டர் கொடுத்தேன்."