மெஷின்தான் மலிவு

"அடுத்த சனிக்கிழமையும் என்னைத் தெருவுல நிக்க வெச்சீங்கன்னா, நான் பாட்டுக்கு பஸ் ஏறிப் போயிடுவேன். நீங்களும் எங்கம்மாவும் நிம்மதியா ஊரைச் சுத்துங்க."

"நானா சுத்தறேன்? உங்கம்மா சொல்ற வழியில போனா யாரா இருந்தாலும் சுத்தத்தான் செய்வாங்க. ஒண்ணு அவங்க வாயை அடைக்கணும், இல்லன்னா காருக்கு வழி சொல்ற மெஷின் வாங்கணும்."

மனைவி ஒரு கணம் யோசித்தாள். "மெஷின்தான் மலிவு."

மூன்று நாள் கழித்து, கார் சாமான் கடையில் நின்றபோது அந்தப் பேச்சு நினைவுக்கு வந்து அவனுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. மாமியார் பக்கத்திலேயே நின்றிருந்ததால் அதை இருமலாக மாற்றிக்கொண்டான். மெஷின் வாங்கப் போகிறான் என்று தெரிந்ததும், கூப்பிடாமலே கைப்பையை மாட்டிக்கொண்டு கிளம்பி வந்தவர் அவர்.

அவன் பல் செட் செய்கிறவன். அரை மில்லிமீட்டர் பிசகினாலும் தூக்கம் வராது. ஆனால் கல்யாணத்துக்குப் பிறகு வந்து சேர்ந்த இந்த ஊரில், இரண்டு வருடமாகியும் எந்தத் தெரு எங்கே முடிகிறது என்று பிடிபடவில்லை. போனில் வழி பார்க்கலாமென்றால், வரைபடத்தைத் திறந்த பத்தாவது நிமிடம் போன் உயிரை விட்டுவிடும்.

மனைவி நோயாளிகளின் வீட்டுக்கே போய் உடற்பயிற்சி சிகிச்சை தருபவள். சனிக்கிழமை கடைசி நோயாளி யார், வீடு எங்கே என்பது வாரத்துக்கு வாரம் மாறும். மாமியாரை அவர் வீட்டில் ஏற்றிக்கொண்டு, போகிற வழியில் மனைவியையும் ஏற்றிக்கொண்டு வீடு திரும்ப வேண்டும்.

மாமியார் தபால் நிலையத்தில் முப்பது வருடம் தெருவாரியாகக் கடிதம் பிரித்தவர். அதனால் வழி சொல்லும் பொறுப்பைத் தானே எடுத்துக்கொண்டிருந்தார். அவர் பிரித்த கடிதங்கள் இன்னும் எங்கெங்கே அலைகின்றனவோ என்று அவன் மனைவியிடம் சொல்வதுண்டு.

எந்த முகவரிக்குக் கிளம்பினாலும் சரி, நடுவில் ஒரு "லெஃப்ட்ல போங்க மாப்பிள்ளை" வரும். அது எப்படியோ வளைந்து நெளிந்து, குட்டிக் கார்கள் சீறிக்கொண்டு வட்டமடிக்கும் கோ-கார்ட் மைதானத்தின் வேலியில் கொண்டுபோய் முட்டும். அவன் பல்லைக் கடித்துக்கொண்டு வண்டியைத் திருப்புவான். "மெதுவாத் திருப்புங்க, அவசரமே இல்ல" என்பார் மாமியார்.

கடைக்காரர் மூன்று மெஷின்களை எடுத்து வைத்தார். இருப்பதிலேயே மலிவானதைப் பார்த்து, தீப்பெட்டியில் கூட இதைவிடப் பெரிய படம் இருக்கும் என்றார் மாமியார். விலை கூடியதோ பின்னால் வரும் வண்டியைக் கூடக் காட்டியது. எனக்குப் பின்னால் வருகிறவனைப் பற்றி என்ன கவலை என்று அதையும் தள்ளிவிட்டார்.

எதையுமே வாங்கவிடாமல் அடிக்கத்தான் வந்திருக்கிறார் என்று அவன் முடிவு கட்டியபோது, நடுவில் இருந்ததைக் கையில் எடுத்தார்.

"ஏம்ப்பா, போற வழியில இன்னொரு இடத்துக்கும் போகணும்னா இதுல போட முடியுமா?"

முடியும் என்ற கடைக்காரர், எந்தப் பொத்தானை அழுத்தி, இடத்தை எப்படி எழுத வேண்டும் என்று காட்டினார். மாமியார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு தரம் செய்து பார்த்தார்.

"இதையே கட்டுப்பா."

காய்கறிக் கடைக்கும் மருந்துக் கடைக்கும் இனி மெஷினே கூட்டிப் போகும் போலிருக்கிறது என்று நினைத்தபடி அவன் பணத்தைக் கொடுத்தான். தமிழில் பேசுகிறது, நடுத்தர விலை, மாமியாரின் வாய்க்கு ஓய்வு. வேறென்ன வேண்டும்?

சனிக்கிழமை மாமியார் வழக்கத்தைவிட முன்னதாகவே தயாராகி, போன் போட்டு அவனையும் விரட்டிக் கிளப்பினார். காலில் செருப்புக்குப் பதிலாக ஷூ. மனைவி அனுப்பியிருந்த முகவரியை மெஷினில் போட்டுவிட்டு, அவன் இறங்கிப்போய் மாமியார் வீட்டு வெளிக்கதவைப் பூட்டிவிட்டு வந்தான். மாமியார் முன் சீட்டில் உட்கார்ந்து மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

வண்டி கிளம்பியது. மெஷின் வலது என்றது, திரும்பினான். நேராக என்றது, போனான். மாமியார் வாயே திறக்கவில்லை. இரண்டு வருடத்தில் முதல் முறையாக அவன் விசிலடித்துக்கொண்டு ஓட்டினான்.

இடது என்றது மெஷின். மறுபடியும் இடது. விசில் நின்றுபோனது. எதிரே அதே வேலி.

"நீங்கள் சேர வேண்டிய முதல் இடம் வந்துவிட்டது" என்றது மெஷின்.

அவன் அதன் தலையில் ஒன்று வைத்தான். இன்று அவள் நிச்சயம் பஸ் ஏறிவிடுவாள். அந்தக் கடைக்காரனை இப்போதே போய் ஒரு வழி பண்ணுகிறேன் என்று கத்தினான்.

"மெஷினை அடிக்காதீங்க மாப்பிள்ளை. அது மேல தப்பில்ல." மாமியார் கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். "அவ வேலை முடிய இன்னும் முக்கால் மணி நேரம் இருக்கு. இங்கேருந்து அந்த வீட்டுக்கு ஏழே நிமிஷம், ரெண்டாவது ரைட், பேக்கரி பக்கத்துச் சந்து."

அவன் அவரைப் பார்த்தான். பிறகு வேலியில் தொங்கிய பலகையைப் பார்த்தான். 'ஷூ அணிந்தவர்களுக்கு மட்டுமே அனுமதி.' மறுபடியும் அவர் காலைப் பார்த்தான்.

மாமியாரின் முகம் சிவந்துவிட்டது.

"நானும் ஒரு ரவுண்டு ஓட்டிட்டு வரட்டுமா மாப்பிள்ளை?"