அக்காவின் சிவப்பு நோட்டு

பார்சல் ஆபீசில் என் பக்கத்து நாற்காலி அக்காவிடம் ஒரு சிவப்பு நோட்டு இருந்தது. நான் போனில் ஆங்கிலத்தில் பேசும்போதெல்லாம் அதில் ஏதோ ஒரு வார்த்தையை எழுதிக்கொள்வார்.

"என்னக்கா, டிக்‌ஷனரியே போடப் போறீங்களா?"

"சிறு துளி பெருவெள்ளம்டி!" என்று சிரித்தபடி மூடிவிடுவார்.

சூப்பர்வைசர் வேலைக்கு ஆங்கிலத்தில் இன்டர்வியூ என்று அறிவித்தார்கள். இடம் ஒன்றுதான். ஆபீசில் எனக்கு 'வாயாடி' என்று பேர். ஆங்கிலம் என்றால் மட்டும் வார்த்தை தொண்டையிலேயே நின்றுவிடும்.

இன்டர்வியூவுக்கு முந்தின நாள், அக்கா டீ குடிக்கப் போன நேரத்தில் அந்த நோட்டை என் பைக்குள் போட்டுக்கொண்டேன். திரும்பி வந்தவர் மேசையையே புரட்டித் தேடினார். நானும் கூடச் சேர்ந்து தேடினேன், பாவி!

வீட்டில் அதைத் திறந்து பார்க்கவும் கை வரவில்லை.

இன்டர்வியூவில் திக்கித் திணறித் தோற்றேன். மறுநாள் மனசு கேட்காமல் நோட்டை நீட்டினேன்.

"நான்தான் எடுத்தேன்க்கா. நீங்க ஜெயிச்சிடுவீங்களோன்னு..."

"நானா? நான் அந்த வேலைக்கு அப்ளையே பண்ணலையேடி!"

நோட்டைப் பிரித்து என் கையிலேயே வைத்தார். முதல் பக்கத்தில் 'என் வாயாடிக்கு' என்று எழுதியிருந்தது. அடுத்தடுத்த பக்கங்களில், நான் போனில் தடுமாறிய ஒவ்வொரு வார்த்தையும், எதிரே தமிழில் பொருளும்.

"அன்னைக்குச் சாயங்காலம் உன்கிட்ட குடுக்கணும்னு வச்சிருந்தேன். தொலைச்சிட்டேனேன்னு எனக்குத் தூக்கமே வரல."

மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். தமிழிலும் வார்த்தை வரவில்லை.