வார்டனம்மா சாத்தச் சொன்ன கேட்

கோயில் மணியைத் திருடியவன் வந்து தன் இடது பக்கத்தில் முழங்கால் போட்டதைப் பார்த்ததும், வார்டனம்மா கூப்பிய கைகளை நெஞ்சோடு இழுத்துக்கொண்டார்.

பயத்தில் அல்ல. திருவிருந்தின் திராட்சரசப் பாத்திரம் இடது பக்கமிருந்துதான் வரும். ஒரே பாத்திரம், வரிசையாக எல்லா வாய்க்கும். முதலில் அவன் குடிப்பான். அடுத்த வாய் வார்டனம்மாவுடையது.

சின்ன மணியையா திருடினான்! எட்டு ஆட்களும் ஒரு கிரேனும் சேர்ந்து ஏற்றிய மணி. அதை ஒற்றை ஆளாக, தர்பூசணியை இடுக்குவதுபோல் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போனவன். ஜெயிலுக்குப் போனான், அங்கே மனந்திரும்பினான். போதகரே நேரில் போய் அழைத்து வந்து சபையில் சேர்த்துவிட்டார்.

"ஆண்டவரே மன்னிச்சிட்டாரும்மா" என்றார் போதகர்.

"அவருக்கென்ன, மன்னிச்சிட்டுப் போயிடுவார். கமிட்டி மன்னிக்க வேண்டாமா?" என்று கேட்டவர் வார்டனம்மா.

மோட்சத்தின் சாவி பேதுருவிடம் இருக்கிறது என்பார்கள். இருக்கட்டும். ஆனால் யாரையாவது உள்ளே விடலாமா கூடாதா என்று பேதுருவுக்கே சந்தேகம் வந்தால், வார்டனம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வார் என்பது சபையின் அசைக்க முடியாத நம்பிக்கை.

அத்தனை அனுபவம். முப்பது வருஷம் பையன்கள் ஹாஸ்டலில் வார்டன். மாலை ஆறு மணிக்குக் கேட்டைச் சாத்தினால் சாத்தியதுதான். பெண்கள் கூட்டத்தில் எழுந்து சாட்சி சொல்லும்போதெல்லாம் அவர் சொல்வது அந்தக் கதையைத்தான்.

"ஒருத்தன் லேட்டா வந்துட்டு, ஏதோ ஒரு சாக்கைச் சொல்லிக்கிட்டு விடிய விடியத் தட்டினான். திறந்தேனா? காலையில பார்த்தா ஆளையே காணோம். ஹாஸ்டல் சுத்தமாச்சு! மோட்சத்துக் கதவும் அப்படித்தான்."

எல்லோரும் ஆமென் சொல்வார்கள். சொல்லாதவர்களை வார்டனம்மா பார்த்து வைத்துக்கொள்வார்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் கை பரபரத்தது. கோயில் கேட்டுக்கு இரும்புத் தகடு அடிக்கச் செய்தார். திருவிருந்து தொடங்கினால் கேட்டைச் சாத்திவிட வேண்டும். வெளியே போகிறவர்களுக்குத் திறக்கலாம். உள்ளே வருகிறவர் தேவதூதனாகவே இருந்தாலும் ஆராதனை முடிகிறவரை கிடையாது.

சரி, இப்போது பேசாமல் எழுந்து போய்விடலாமே?

அதற்கும் வழியில்லை. பீடத்தின் முன் முழங்கால் போட்டவர் குடிக்காமல் எழுந்தால் உள்ளே ஒரு ரகசியப் பாவம் இருக்கிறது என்பது வார்டனம்மாவின் சொந்தக் கண்டுபிடிப்பு. அன்றைக்கே அவர்கள் வீட்டில் போய் உட்கார்ந்து, அது இன்ன பாவம் என்று கறந்துவிட்டு, வீடு வீடாகப் போய் "அவங்களுக்காக ஜெபிச்சுக்கோங்க" என்று விவரமாகச் சொல்லிவிட்டு வருவார்.

பாத்திரம் நெருங்கியது. வார்டனம்மா கண்ணை இறுக மூடி, கொள்ளைநோய்க்குத் தயாரானார்.

அவன் எழுந்துவிட்டான்.

உதடுகூடப் படவில்லை. குனிந்த தலையோடு நடுவழியே நடந்து வெளியே போனான்.

அல்லேலூயா! வார்டனம்மா குடித்த குடியில் பாத்திரத்தில் பாதி காலி. வலது பக்கத்தில் இருந்தவர் பாத்திரத்துக்குள் எட்டிப் பார்க்க வேண்டியதாயிற்று. சாயங்காலம்வரை பொறுக்கிற பாவமா இது? செருப்பைக்கூட மாட்டாமல் அவன் பின்னாலேயே ஓடினார். காவல்காரர் யாரென்று நிமிர்ந்துகூடப் பார்க்காமல் கேட்டைத் திறந்துவிட்டார்.

அவன் வெளியே மதிலோரக் கல்லில் உட்கார்ந்திருந்தான்.

"ஏன்யா எழுந்து வந்தே? என்ன பாவத்தை மறைக்கிறே?"

"மறைக்கலம்மா. எல்லாத்தையும் சொல்லியாச்சு. ஒருத்தரை மட்டும் நான் மன்னிக்க வேண்டியிருக்கு, மனசு வரமாட்டேங்குது. அதை உள்ள வச்சுக்கிட்டு எப்படிக் குடிக்கிறது?"

வார்டனம்மாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. திருடன் மன்னிக்கிறானாம்!

"நீ மன்னிக்கிற அளவுக்கு அப்படி யாருய்யா அந்தப் புண்ணியவான்?"

அவன் வாயைத் திறப்பதற்குள், பின்னால் கேட் டமாரென்று மூடிக்கொண்டது.

வார்டனம்மா போய்த் தட்டினார். "திறப்பா! நான்தான்!"

காவல்காரருக்குக் காது மந்தம். கீழ்ப்படிதலில் மட்டும் குறையே கிடையாது. "யாரா இருந்தாலும் ஆராதனை முடியட்டும். வார்டனம்மா உத்தரவு."

"அந்த வார்டனம்மாவே நான்தான்யா!"

"லேட்டா வர்றவங்க இப்படி ஏதாவது சாக்கு சொல்லுவாங்கன்னு அவங்க அப்பவே சொல்லிட்டாங்க" என்றது தகட்டுக்குப் பின்னாலிருந்து குரல்.

வெறுங்காலைத் தரை சுட்டது. தகடு அதைவிடச் சுட்டது. ஒரு கை ஓய்ந்து மறு கையால் தட்டினார். அப்புறம் இரண்டு கையாலும் தட்டினார்.

அவன் சற்றே நகர்ந்து, கல்லில் பக்கத்து இடத்தைக் கையால் துடைத்துவிட்டான்.

"வந்து உட்காருங்கம்மா. தட்டிக்கிட்டே நின்னா கை வீங்கிடும், எனக்குத் தெரியும்." உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "அன்னிக்கு எங்கம்மாவைப் புதைச்சிட்டு ஹாஸ்டலுக்கு வந்து சேர்றதுக்குள்ள ஆறு மணி தாண்டிடுச்சு."

உள்ளே கடைசிப் பாட்டை ஆரம்பித்தார்கள். ஒரு சரணம்கூட விடாமல் முழுசாகப் பாட வேண்டும் என்பதும் வார்டனம்மாவின் உத்தரவுதான்.