எதைவிட?

இப்போதெல்லாம் யாரைக் கேட்டாலும் 'தேவலை' என்கிறார்கள். எதைவிட என்று ஒருவரும் சொல்வதில்லை.

என் பெண்டாட்டி மாரியாயி எஸ்டேட் ஆஸ்பத்திரியில் காய்ச்சலோடு கிடந்தாள்.

"தேவலைப்பா. நாளைக்குக் கொழுந்து பறிக்க அனுப்பு. துரை உத்தரவு" என்றார் கம்பவுண்டர்.

"கண்ணையே திறக்கலைங்களே! நேத்தைவிடத் தேவலைங்களா?"

"நேத்து யாரு பார்த்தா?"

"அப்புறம் எதைவிடங்க?"

அவர் பக்கத்துக் கட்டிலைக் காட்டினார். என்னோடு வேலை செய்யும் சங்கிலியின் பெண்டாட்டி கருப்பம்மாளை முகத்தையும் சேர்த்து மூடியிருந்தார்கள்.

நேற்று அவளையும் தேவலை என்றவர்தான் இவர்.

வெளியே வந்தேன். சங்கிலி மண்வெட்டியோடு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தான்.

"ஏனுங்க, எம்பட ஊட்டுக்காரி எப்படி இருக்கறாளுங்க?"

"தேவலை" என்றேன்.

எதைவிட என்று கேட்டுவிடுவானோ என்று நிற்காமல் நடந்தேன்.