ஒத்த மோட்டார்

மீட்டிங் நடுவே கதிரேசனின் செல்போன் மறுபடியும் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தான். மேஜையில் கவிழ்த்து வைத்தான்.

மேனேஜர் நந்திதாவுக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. எதிரில் முதலாளி. பேசுவதோ கம்பெனிக்கே முக்கியமான விஷயம். இவனுக்குப் போன் கேட்கிறது!

முதலாளி திருமூர்த்தி முகம் சுளிக்கவில்லை. சின்னப் பட்டறையாக ஆரம்பித்து, இன்று நாலு ஊரில் கிளை வைத்திருக்கும் பம்ப்செட் கம்பெனி அவருடையது. யாரையும் குரல் உயர்த்திப் பேசிப் பழக்கமில்லாதவர்.

"நீ சொல்லு கண்ணு" என்றார்.

மெயில், சாட், வீடியோ மீட்டிங், ஃபைல் எல்லாம் இனி ஒரே சாஃப்ட்வேரில் ஓடப்போகிறது. அதற்கான சர்வர் திட்டத்தைத்தான் கம்பெனியின் கம்ப்யூட்டர் வேலைகளைப் பார்த்துக்கொள்ளும் கதிரேசன் விளக்கிக்கொண்டிருந்தான்.

"பழைய சர்வரையெல்லாம் எடுத்துப்போட்டு, பெருசா ஒண்ணு போடறமுங்க சார். அதுக்குள்ளயே பத்து சர்வர் இருக்கற மாதிரி பிரிச்சுக்கலாமுங்க. மெயிலுக்கு ஒண்ணு, வீடியோவுக்கு ஒண்ணு..."

"கூட்டுக் குடும்பம்னு சொல்லு."

"ஆமாங்க சார். ஒரே கூரை, தனித்தனி அடுப்பு."

"கூரையே உழுந்துட்டா?"

"அதுக்குத்தானுங்க பெரிய சர்வரு ரெண்டாக் கேக்கறேன். ஒண்ணு நின்னாலும் எல்லாமே தானா இன்னொண்ணுக்குப் போயிருமுங்க."

"செலவு டபுளாகுங்களே சார்" என்றாள் நந்திதா.

"ஆகட்டும் அம்மணி. எங்க தோட்டத்துல ஒத்த மோட்டாரை நம்பி இருந்தோம். சித்திரை வெயில்ல காயில் போச்சு. கட்டிக் கொண்டாரதுக்குள்ள தென்னம்புள்ளை பூராம் கருகிப்போச்சு. எங்கய்யன் அந்தக் கவலையிலயே படுத்தவருதான், எந்திரிக்கவே இல்லை. அன்னிக்கே முடிவு பண்ணுனேன், ஒண்ணை நம்பி எதையும் வெக்கக்கூடாதுன்னு."

சொன்னபடியே செய்தார். கதிரேசன் கொடுத்த பட்டியலில் சர்வர் ரெண்டு, யு.பி.எஸ். ரெண்டு, இன்டர்நெட் லைன் ரெண்டு என்று வரிசையாக டிக் போட்டுக்கொண்டு வந்தார். கடைசி வரியில் பேனா நின்றது.

"இன்னொரு ஆளா? எதுக்கு கண்ணு?"

"எனக்கு மாத்தாளா ஒருத்தரு இருந்தா நல்லாருக்குமுங்க சார்..."

"அட, நீ ஒருத்தன் பத்துப் பேருக்குச் சமம்! நீ இருக்கறப்ப இன்னொருத்தன் எதுக்கு?"

முதுகில் தட்டிக்கொடுத்துவிட்டு அந்த வரியை மட்டும் கோடு போட்டு அடித்தார். எல்லோரும் சிரித்தார்கள். கதிரேசனும் சிரித்துவைத்தான்.

எல்லோரும் எழுந்தபோது மெதுவாகக் கேட்டான்.

"சார், ரெண்டு நாள் லீவு வேணுமுங்க. அம்மா வால்பாறையில எஸ்டேட் லைன் வீட்டுல தனியா இருக்குதுங்க. ஒடம்புக்குச் சுத்தமா முடியலை. இங்க ஆஸ்பத்திரிக்குக் கூட்டியாரணுமுங்க."

"இந்த வேலை முடியட்டும் கண்ணு. அப்புறம் ஒரு வாரங்கூட இருந்துட்டு வா."

"தாலி கட்டற நேரத்துல மாப்பிள்ளைக்கு லீவு வேணுமாம்!" என்றாள் நந்திதா வெளியே வந்ததும். அன்றிலிருந்து ஆபீசில் அவனுக்கு அவள் வைத்த 'லீவு கதிரேசன்' என்றே பெயர்.

சர்வர் மாற்றுகிற வேலைக்கு ஞாயிற்றுக்கிழமைதான் தோது, அன்றுதான் கம்பெனி ஓடாது. அதனால் அவனுக்கு ஞாயிறும் போயிற்று. அவன் வாராவாரம் கேட்டான். அவரும் வாராவாரம் "முடியட்டும் கண்ணு" என்று அன்பாகவே சொன்னார்.

ஒரு வழியாக முடிந்தது. சோதித்துப் பார்க்கும் நாளில் நாலு கிளை ஆட்களும் வீடியோவில் உட்கார்ந்திருந்தார்கள். திருமூர்த்தியே சர்வர் அறைக்குள் போனார்.

"புடுங்கட்டுமா கண்ணு?"

"புடுங்குங்க சார்."

ஒரு சர்வரின் ஒயரைப் பிடுங்கினார். விளக்கு அணைந்தது. திரையில் வெள்ளகோவில் கிளை மேனேஜரின் முகம் ஒரு கணம் உறைந்து, பிறகு விட்ட இடத்திலிருந்தே பேச ஆரம்பித்தது.

ஒரே கைதட்டல். மைசூர்பா வந்தது. திருமூர்த்தியே ஒரு துண்டை எடுத்துக் கதிரேசன் கையில் வைத்தார்.

அப்போதுதான் அவன் போன் அதிர்ந்தது. இந்த முறை எடுத்தான். வால்பாறையிலிருந்து பக்கத்து வீட்டுப் பெண் இனியா. கேட்டான், வைத்தான். கையிலிருந்த இனிப்பை என்ன செய்வதென்று தெரியாமல் நின்றான்.

"அம்மா போயிருச்சுங்க சார்."

நந்திதா தலையைக் குனிந்துகொண்டாள். தான் வைத்த பட்டப்பெயரை நினைக்க அவளுக்கே கூசியது.

திருமூர்த்திக்கு நிஜமாகவே கண் கலங்கிவிட்டது.

"அடப் பாவமே... பக்கத்துல யாரு கண்ணு இருந்தாங்க?"

"யாரும் இல்லீங்க. அம்மாவுக்கு நான் ஒருத்தன்தானுங்க."

"என்ன கண்ணு இது! வயசான காலத்துல பெத்தவளை இப்படி ஒருத்தனை நம்பியா உட்டு வெக்கறது?"

கதிரேசன் கையிலிருந்த மைசூர்பாவைத் தட்டிலேயே திருப்பி வைத்தான்.

முதலாளி டிரைவரைக் கூப்பிட்டார். "மயில்சாமி, என்ர காரை எடு. தம்பியை வால்பாறை ஊட்டுல கொண்டுபோய் உட்டுப்போட்டு, காரியம் முடியற வரைக்கும் கூடவே இரு."

முதலாளி என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று அத்தனை பேரும் உருகிப் போனார்கள். கதிரேசன் கும்பிட்டுவிட்டுப் போய்க் காரில் ஏறினான்.

கார் கேட்டைத் தாண்டுவதற்குள் திருமூர்த்தி கையைக் காட்டி நிறுத்தச் சொல்லிக்கொண்டே ஓடி வந்தார். மூச்சு வாங்க, ஜன்னல் வழியே ஒரு பையை அவன் மடியில் வைத்தார்.

"லேப்டாப்பை மறந்துபோட்டுப் போறயே கண்ணு! சர்வர்ல ஏதாச்சும் ஒண்ணுன்னா, உன்னைய உட்டா இங்க வேற யாரு இருக்கறா?"