பிளாஸ்திரிக்கு அடியில்

கல்லூரி விடுதியிலிருந்து ஞாயிறு மதியச் சாப்பாட்டுக்கு எல் பாசோ நகரத்து வீட்டுக்கு வந்த யாரெலியின் தோளில் பிளாஸ்திரி. அதைப் பார்த்ததும் அம்மா கிரிசெல்டா, பொசோலே சூப் கிண்டிய கரண்டியோடு பாய்ந்து வந்தாள்.

“என்னடி இது?”

“பச்சை குத்திக்கிட்டேன்மா.”

“பாவி, தோலைக் கெடுத்துட்டியே! என்ன படம்?”

“குவாதலூப்பே மாதா.”

கரண்டி இறங்கியது. கிரிசெல்டா கண் கலங்கிப் பிளாஸ்திரியை முத்தமிட்டாள். “பிரிக்காதே, நல்லா ஆறட்டும்.”

யாரெலி குளியலறைக்குள் போய்த் தோழி சிமேனாவைப் போனில் அழைத்தாள்.

“தப்பிச்சேன்டி! கர்ப்பப்பைவாய்ப் புற்றுநோய் வராம இருக்கத் தடுப்பூசி போட்டேன்னு சொல்லியிருந்தா, ‘அது படுக்கையில பரவுற கிருமியாச்சே, எவன்டி அவன்?’னு வீடே ரெண்டாகியிருக்கும். நாளைக்கே போய் நிஜமா மாதாவைக் குத்திக்கணும்.”

“அவ்வளவுதானே?”

“எங்கே? இன்னும் ரெண்டு ஊசி பாக்கி. பச்சை குத்தச் சின்னதா வர்ற புனிதர் யாராவது இருந்தா சொல்லு!”